தோற்றுக்கொண்டே இருக்கும் அணியோடு ஒரு சீசனைத் தாண்டுவது எப்படி? கோலாலம்பூர் ரசிகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025 மே 22, வியாழக்கிழமை. விடியற்காலை 5 மணி, செந்தூலில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை. அறுபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருக்கிறோம், ஒருவரும் பேசவில்லை. ஸ்பெயினின் பில்பாவோவில் யூரோப்பா லீக் காற்பந்து இறுதியாட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. டோட்டன்ஹாம் 1, எங்கள் மன்செஸ்டர் யுனைடெட் 0. 42-ஆவது நிமிடத்தில் பிரென்னன் ஜான்சன் பெயரில் எழுதப்பட்ட அந்த கோலை கோல் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. பந்து அவர் மேல் உரசி, லூக் ஷாவின் கையில் பட்டு, வழி தவறிப் போனதுபோல வலைக்குள் உருண்டது. 68-ஆவது நிமிடத்தில் ஹோய்லுண்ட் தலையால் முட்டிய பந்து காலியான கோலை நோக்கிப் போனது. கடையே எழுந்துவிட்டது. டோட்டன்ஹாமின் வான் டி வென் அந்தரத்தில் பறந்து காலால் அதை வெளியே தள்ளினார். எழுந்தவர்கள் உட்கார மறந்து அப்படியே நின்றோம். ஆட்டம் முடிந்ததும் கடைத் தம்பி எங்களிடம் ஒன்றும் கேட்காமல் ஓரத்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்.

அன்று காலை 8 மணிக்கு எனக்கு வேலை. இரண்டு லாரிகளின் டி.ஓ. (சரக்கு ஒப்படைப்பு) தாள்களை மாற்றிக் கொடுத்துவிட்டு மதியம் வரை திட்டு வாங்கினேன்.

அந்தச் சீசனில் யுனைடெட் 38 ஆட்டங்களில் 18-இல் தோற்று, 42 புள்ளிகளோடு 15-ஆம் இடத்தில் முடித்தது. பிரிமியர் லீக் தொடங்கியதிலிருந்து அந்த கிளப் அவ்வளவு கீழே போனதே இல்லை. அந்த ஒன்பது மாதத்தில் நான் செய்த தவறுகளையும், தப்பித்தவறிச் சரியாகச் செய்த ஒன்றிரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அணி வேறாக இருக்கலாம், அவஸ்தை ஒன்றுதான். நான் கற்றதும் ஒரே விஷயம்தான்: தோற்ற பிறகு எடுக்கிற முடிவு எதுவும் உருப்படாது. எங்கே பார்ப்பது, எப்போது வீட்டுக்குப் போவது, எவ்வளவு செலவு செய்வது எல்லாவற்றையும் ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். கீழே வரும் படிகளில் பாதி அதைப் பற்றித்தான்.

படி 1: மாதத் தொடக்கத்தில் அட்டவணையை எடுத்து வையுங்கள்

இங்கிலாந்து ரசிகருக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. அவர்கள் தோற்றுவிட்டுத் தூங்கப் போகிறார்கள், நாம் தோற்றுவிட்டு வேலைக்குப் போகிறோம்.

அங்கே கோடைக்கால நேரம் நடக்கும்போது நாம் 7 மணி நேரம் முன்னால் இருக்கிறோம், குளிர்காலத்தில் 8 மணி நேரம். அங்கே சனிக்கிழமை பகல் 3 மணி ஆட்டம் இங்கே இரவு 10 அல்லது 11 மணி. அது பரவாயில்லை. மாலை 5.30 ஆட்டம் என்றால் இங்கே நள்ளிரவு 12.30 அல்லது 1.30. ஞாயிறு 4.30 ஆட்டம் முடியும்போது நமக்குத் திங்கள்கிழமை பிறந்து ஒன்றரை, இரண்டரை மணி ஆகியிருக்கும். வார நாளில் அவர்கள் இரவு 8 மணிக்கு ஆடினால் இங்கே விடியற்காலை 3 அல்லது 4.

காலண்டரில் மூன்று நிறத்தில் குறித்து வையுங்கள். பச்சை: நேரலையில் முழுக்கப் பார்க்கும் ஆட்டம். மஞ்சள்: முதல் பாதி மட்டும். சிவப்பு: தூங்கிவிட்டுக் காலையில் சுருக்கக் காட்சி. மறுநாள் வேலை இருந்து, ஆட்டம் விடியற்காலை 3 மணிக்கு என்றால், இறுதியாட்டம் தவிர எல்லாமே சிவப்பு. இதுதான் என் முதல் விதி. நல்ல சீசனில் இதை மீறினாலும் உடம்பு மன்னித்துவிடும். மோசமான சீசனில் தூக்கமும் போய், ஆட்டமும் போய், மறுநாள் பாஸின் முகமும் சேர்ந்துகொள்ளும்.

“உண்மையான ரசிகன் எல்லா ஆட்டத்தையும் பார்ப்பான்” என்று கூட்டத்தில் ஒருத்தர் சொல்வார். அவருக்குப் பெரும்பாலும் மறுநாள் லீவாக இருக்கும்.

படி 2: முதல் ஒரு மணி நேரம்

இறுதி விசிலுக்குப் பிறகு வரும் அறுபது நிமிடம்தான் மிக மோசமானது. சசெக்ஸ் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் இருவர் பிரிட்டனில் ஒரு கைப்பேசிச் செயலி வழியாக மக்களின் மனநிலையைத் திரட்டி, அதைக் காற்பந்து முடிவுகளோடு ஒப்பிட்டு 2018-இல் எழுதினார்கள். ஜெயித்தால் ஏறும் மகிழ்ச்சியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வலி தோல்வியில் இறங்குகிறது என்பது அவர்கள் கணக்கு. அப்படிப் பார்த்தால் பாதிக்குப் பாதி ஜெயிக்கும் அணியின் ரசிகர்கூட நட்டத்தில்தான் ஓடுகிறார். 18 தோல்வி என்றால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எனவே அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனிச் சட்டம். மோட்டாரில் உடனே ஏறாதீர்கள். நான் ஒருமுறை ஏறினேன். ஜாலான் ஈப்போவில் சிவப்பு விளக்கைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை, பின்னால் வந்த லாரியின் ஹார்ன்தான் நினைவிருக்கிறது. இப்போதெல்லாம் விசில் அடித்ததும் ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) சுடச்சுடச் சொல்லிவிடுவேன். அது ஆறிக் குடிக்கிற பதத்துக்கு வருவதற்குள் மேசையில் உள்ளவர்கள் நடுவரைத் திட்டி முடித்திருப்பார்கள். அப்புறம் ஐந்து நிமிடம் நடை. பிறகுதான் சாவி.

நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் கூட இருந்தால் அவர்கள்மேல் ஒரு கண் இருக்கட்டும். 2006 உலகக் கிண்ணத்தின்போது ஜெர்மனியின் மியூனிக் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. ஜெர்மனி ஆடிய நாள்களில் இதயக் கோளாறால் அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்கள் மற்ற நாள்களைவிட 2.66 மடங்கு என்று அதில் இருக்கிறது. எங்கள் மேசையில் ஓர் அண்ணன், பெனால்டி வந்தாலே எழுந்து வெளியே போய், பார்க்கிங்கில் மரத்தடியில் நின்றுகொள்வார். முன்பெல்லாம் கேலி செய்வோம். இப்போது அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போடுகிறோம்.

படி 3: வாட்ஸ்அப்பில் முந்திக்கொள்ளுங்கள்

அந்த ஆண்டு லீக்கை ஜெயித்தது லிவர்பூல். என் மனைவியின் தம்பி லிவர்பூல். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குடும்பக் குழுவில் அவன் ஸ்டிக்கர் போடும்வரை காத்திருந்தால் அடி பலமாக விழும். நானே முதலில் எழுதிவிடுவேன்: “மச்சான், இன்னைக்கும் நாம தோத்துட்டோம். சாப்டியா?” பதிலுக்கு என்ன போடுவது என்று தெரியாமல் அவன் “சாப்டேன் மாமா” என்பான். கதை முடிந்தது.

இதில் “நாம” என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1976-இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக அணி ஜெயித்தால் மாணவர்கள் “நாங்கள் ஜெயித்தோம்” என்று சேர்ந்துகொள்வதையும், தோற்றால் “அவர்கள்” என்று விலகிக்கொள்வதையும் பதிவு செய்தார். செந்தூல் மாமாக்கில் இதைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும். ஜெயித்த ராத்திரி “நாம பின்னிட்டோம்”, தோற்ற ராத்திரி “அவனுங்களுக்கு ஆடத் தெரியலை”. விலகிக்கொள்வது கொஞ்சம் ஆறுதல்தான், ஆனால் கேலி செய்கிறவனுக்கு அதுதான் தீனி. தோல்வியைச் சொந்தம் என்று ஒத்துக்கொண்டவனைச் சீண்டுவதில் யாருக்கும் சுவை இல்லை.

முகநூலில் முன்பின் தெரியாதவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஆட்டக்காரரின் பக்கத்தில் போய்த் திட்டி எழுதுவது அதைவிடக் கேவலம்.

படி 4: வீட்டு வாசலில் நிறுத்துங்கள்

இதை விளையாட்டாக எழுத முடியாது. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002, 2006, 2010 உலகக் கிண்ணங்களின்போது ஒரு மாவட்டக் காவல்துறைக்கு வந்த புகார்களை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாள்களில் வீட்டுக்குள் நடக்கும் வன்முறை பற்றிய புகார் 38 விழுக்காடு கூடியிருந்தது. ஜெயித்த அல்லது சமநிலை கண்ட நாள்களிலும் 26 விழுக்காடு கூடுதல். பந்து மட்டும் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. குடியும், ஏற்கெனவே கையை ஓங்கிப் பழகியதும் கூடச் சேர்ந்தால், ஆட்டம் ஒரு சாக்காகிவிடுகிறது.

தோற்ற இரவில் கதவை ஓங்கிச் சாத்துவது, தட்டை ஓசைப்பட வைப்பது, பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது எல்லாம் வீட்டில் உள்ளவர்களுக்கு முதல் அறிகுறிகளாகத் தெரியும். நமக்குத்தான் தெரியாது. என் மனைவி ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாள்: “நாளைக்கு உங்க ஆளுங்க ஆடுறாங்களா? அப்படின்னா நான் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துடுறேன்.” அதில் கோபம் இல்லை. மழை வருமா என்று பார்த்துக் குடை எடுப்பதுபோலக் கேட்டாள். அந்த வாரம்தான் காலண்டர் வாங்கினேன்.

நாள்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது பந்து மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 24 மணி நேரமும் தொலைபேசியில் காது கொடுக்கிறது: 03-7627 2929. எதற்காக அழைத்தீர்கள் என்று யாரும் கேலி செய்யமாட்டார்கள்.

படி 5: பணத்தை ஆட்டத்திலிருந்து பிரித்து வையுங்கள்

மோசமான சீசனில் மனத்தைவிடச் சீக்கிரம் காலியாவது பாக்கெட்தான். நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டு பந்தயச் சட்டம் இருக்கிறது. அது இருப்பது தெரிந்தும் கைப்பேசியில் “ஹாஃப் பால்” (அரை கோல் சலுகை) கொடுத்துக் கட்டுகிறவர்கள் எல்லா மேசையிலும் இருக்கிறார்கள். நான் உபதேசம் செய்ய வரவில்லை, கணக்கு மட்டும் சொல்கிறேன். சொந்த அணியின்மேல் 50 வெள்ளி கட்டித் தோற்றீர்கள். விட்டதைப் பிடிக்க அடுத்த வாரம் 100. பிறகு 200, பிறகு 400. நான்கு வாரத்தில் 750 வெள்ளி போயிருக்கும். ஐந்தாவது வாரம் 800 கட்டி ஜெயித்தால்கூட எல்லாம் கழிந்து கையில் நிற்பது 50. யுனைடெட் அந்தச் சீசனில் தொடர்ந்து சொதப்பிய நேரத்தில், எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த ஏணியில் ஏறி, ஐந்தாவது படிக்குக் கந்துவட்டிக்கார ஆலோங்கிடம் போனார். அவருடைய வீட்டுக் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போனார்கள். அவர் இப்போது காற்பந்தே பார்ப்பதில்லை. பார்க்கவும் சொல்லமாட்டேன்.

சொந்த அணி ஆடும்போது ஒரு காசும் கட்டாதீர்கள். அன்பும் பணமும் ஒரே பக்கம் இருந்தால், தோற்கும்போது இரண்டும் சேர்ந்துதான் போகும்.

சட்டைக்கும் ஒரு சொல். புது ஜெர்சியை அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது வாங்காதீர்கள். “இதைப் போட்டால் ராசி மாறும்” என்று கை தானாகக் கார்டை எடுக்கும். பழைய சட்டையே போதும்.

படி 6: காலையில் காரணத்தைத் தேடுங்கள், ஆறுதலைத் தேடாதீர்கள்

தூங்கி எழுந்ததும் நடுவர் சரியில்லை, அதிர்ஷ்டமில்லை, காயம் அதிகம் என்றெல்லாம் தோன்றும். ஒரு ஆட்டத்துக்கு அது உண்மையாக இருக்கலாம். ஒரு சீசனுக்கு உண்மையா என்று பார்க்க, பட்டியலில் கோல் வித்தியாசத்தைப் பாருங்கள். யுனைடெட் அந்தச் சீசனில் போட்டது 44, வாங்கியது 54. 38 ஆட்டத்துக்குப் பிறகு பத்து கோல் கழித்தல் என்றால் அதை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது. பயிற்றுநர் எரிக் டென் ஹாக்கை அனுப்பிவிட்டு 2024 நவம்பரில் ரூபன் அமோரிமைக் கொண்டுவந்தார்கள். புது ஆட்டமுறைக்கு ஏற்ற ஆட்கள் கையில் இல்லாமலே பாதிச் சீசன் ஓடியது. இதை ஒத்துக்கொண்ட அன்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அடுத்த ஆட்டத்தில் அதிசயம் நடக்கும் என்று காத்திருப்பதுதான் நம்மைக் களைக்கவைக்கிறது.

மோசமான சீசன் என்றால் என்ன என்பதிலும் எனக்கு இப்போது சந்தேகம். நம்மை பில்பாவோவில் ஜெயித்த டோட்டன்ஹாம் லீக்கில் எந்த இடம் தெரியுமா? 17. நமக்கும் இரண்டு இடம் கீழே, 22 தோல்வி. கிண்ணம் அவர்களிடம். அந்தக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்த பயிற்றுநரை இரண்டு வாரம் கழித்து வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர்களுடைய ரசிகர் அழுவாரா சிரிப்பாரா?

புது ஆட்டக்காரரை வாங்கப் போவதாக வரும் வதந்திகளை மட்டும் படிக்காதீர்கள். பத்தில் ஒன்று நடந்தால் அதிகம், மற்ற ஒன்பதும் தனித்தனியாக ஏமாற்றம் தரும்.

படி 7: ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள்

பில்பாவோவுக்கு ஆறு நாள் கழித்து, மே 28 அன்று, அதே யுனைடெட் கோலாலம்பூருக்கே வந்தது. புக்கிட் ஜாலிலில் ஆசியான் ஆல் ஸ்டார்ஸ் அணியோடு ஆட்டம். போவதா வேண்டாமா என்று யோசித்தேன். அக்கா மகனுக்கு ஒன்பது வயது, டிக்கெட் முன்பே எடுத்தாயிற்று. செந்தூல் தீமோரில் எல்.ஆர்.டி. ஏறினால் வண்டி மாறாமல் புக்கிட் ஜாலிலில் இறங்கலாம். பெட்டி முழுக்கச் சிவப்புச் சட்டை, ஆனால் ஒரு சவ ஊர்வலத்தின் அமைதி.

அரங்கில் 72,550 பேர். 71-ஆவது நிமிடத்தில் மியன்மாரின் மாவுங் மாவுங் லுவின் கோல் போட்டார். ஒரு நொடி அரங்கமே திகைத்தது. அப்புறம் சிவப்புச் சட்டைக்காரர்களே கை தட்டினார்கள், நானும்தான். மருமகன் என் முகத்தைப் பார்த்து, “மாமா, நாம யாருக்கு?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. 0-1. ஆட்டம் முடிந்ததும் யுனைடெட் ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கூட்டம் ஊளையிட்டது.

வருத்தமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் டிவியில் ஒன்பது மாதம் பார்த்து வெதும்பிய அந்த முகங்களை அவ்வளவு பக்கத்தில் பார்த்தபோது, அவர்கள் தூக்கமில்லாத, களைத்த இளைஞர்களாகத் தெரிந்தார்கள். இரண்டு, மூன்று பேர் இடுப்பில் கை வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து ஆட்டக்காரரைப் பெயர் சொல்லித் திட்ட வாய் வரவில்லை. ரயில் நிலைய வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். மருமகன் தோளில் தூங்கிவிட்டான்.

படி 8: நாட்டு அணிக்கு வேறு மருந்து

ஐரோப்பிய அணியை வேண்டாம் என்று விட்டுவிடலாம். நம் மலேசிய அணியான ஹரிமாவ் மலாயாவை விட முடியாது, அதனால் அந்தக் காயம் ஆழம்.

2014 டிசம்பர் 20 ஞாபகம் இருக்கிறதா? ஆசியான் கிண்ண இறுதியின் இரண்டாம் சுற்று, புக்கிட் ஜாலில். பேங்காக்கில் 0-2 தோற்றுவிட்டு வந்தவர்கள் இங்கே 3-0 முன்னணி. கிண்ணம் கையில். 82-ஆவது நிமிடத்தில் தாய்லாந்து ஒன்று, 87-இல் இன்னொன்று. ஆட்டத்தை 3-2 ஜெயித்தும் மொத்தக் கணக்கில் 3-4. ஜெயித்துத் தோற்ற இரவு அது. அந்த வலிக்கு நான் கண்ட ஒரே மருந்து, பழையதை எடுத்துப் பார்ப்பது. 2010 டிசம்பர் 26, அதே அரங்கம், இந்தோனேசியாவுக்கு எதிராக 3-0. பயிற்றுநர் கே. ராஜகோபால். ஜாகர்த்தாவில் 1-2 தோற்றும் மொத்தத்தில் 4-2, முதல் முறையாக அந்தக் கிண்ணம் நமக்கு. மனசு சரியில்லாத நாளில் அந்த முதல் சுற்றை முழுக்கப் பாருங்கள், சுருக்கம் வேண்டாம்.

இன்னொன்று: அணி வெளியேறிவிட்டது என்பதற்காக டிவியை அணைத்துவிடாதீர்கள். 2024 ஜனவரி ஆசியக் கிண்ணத்தில் ஜோர்டானிடம் 0-4, பஹ்ரைனிடம் 0-1. எல்லாம் முடிந்தது என்று பாதிப் பேர் தென்கொரிய ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நேரத்தின் 15-ஆவது நிமிடத்தில் ரொமெல் மொராலெஸ் போட்ட கோலில் ஆட்டம் 3-3. பார்க்காதவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது.

படி 9: தொட்டுப் பார்க்கக்கூடிய காற்பந்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்

தோல்வி வேறு, இழப்பு வேறு என்று எனக்கு உறைக்கவைத்தது பெட்டாலிங் ஜெயா சிட்டி. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வேரிலிருந்து வளர்ந்து சூப்பர் லீக் வரை வந்த கிளப் அது. நம் பையன்கள் பலர் ஆடினார்கள். 2022 சீசன் முடிந்ததும் சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அதன் ரசிகருக்கு அடுத்த வாரம் தோற்பதற்குக்கூட ஆட்டம் இல்லை. யுனைடெட் தோற்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஞாயிறு காலை அக்கம்பக்கத் திடலுக்குப் போங்கள். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருக்கும். கோடு போட ஆள் வேண்டும், தண்ணீர் தூக்க ஆள் வேண்டும். எங்கள் திடலில் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்கள் 0-7 தோற்றுவிட்டு வந்தார்கள். கோல் காவல் பையன் ஐந்து நிமிடம் அழுதான். ஐஸ் மைலோ வந்தது. உறிஞ்சிக்கொண்டே, “அங்கிள், அந்த நாலாவது கோல் செமையா இருந்துச்சுல்ல?” என்றான். அவன் வாங்கிய கோல் அது.

புது சீசன் 2025 ஆகஸ்டில் ஆரம்பித்தது. முதல் ஆட்டம் ஆர்சனலிடம் 0-1, ஞாயிறு இரவு 11.30, காலண்டரில் மஞ்சள். கோல் 13-ஆவது நிமிடமே வந்துவிட்டது, பாதியோடு படுத்துவிட்டேன். பிறகு ஆகஸ்ட் 28, வியாழன் விடியற்காலை 3 மணிக்கு லீக் கிண்ணத்தில் கிரிம்ஸ்பி டவுன், நான்காம் பிரிவு அணி. சிவப்பு நிறம். விதிப்படி தூங்கினேன். 6 மணிக்கு எழுந்து கைப்பேசியை எடுத்தால் 46 செய்தி, எல்லாம் மச்சானிடமிருந்து. 2-2, பெனால்டியில் 12-11, ஜெயித்தது கிரிம்ஸ்பி. ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தேன். அப்புறம் குழுவில் எழுதினேன்: “மச்சான், நாம தோத்துட்டோம். நீ தூங்கவே இல்லையா?”